"குறுக்கு விசாரணை இல்லை"ன்னு முடிவு பண்ணது யாரு? சட்ட உதவி பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலவச சட்ட உதவி குடுக்கற பொறுப்புல இருக்கற ஐயா, அம்மா எல்லாருக்கும்,

போன வாரம் உங்க பதில் வந்துச்சு. எட்டு மாசம் முன்னாடி நான் 11 பக்கம் கையால எழுதிக் குடுத்த புகாருக்கு மூணு வரி. "வழக்கறிஞர் தமது தொழில்முறை அறிவின்படி வழக்கை நடத்தியுள்ளார், எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு போட்டு முடிச்சுட்டீங்க. அந்த "தொழில்முறை அறிவு"ங்கற ரெண்டு வார்த்தைக்கு என் தம்பி 7 வருஷம் ஜெயில்ல இருக்கணும். இதை என்னால அப்படியே மடிச்சு பீரோவுல வெச்சுட்டு இருக்க முடியல, அதான் எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன். வக்கீல் பேரு, கோர்ட் பேரு, ஊர் பேரு எதுவும் போடல. ஃபைல் உங்ககிட்ட இருக்கு, யாரை சொல்றேன்னு உங்களுக்கு தெரியும்.

என் தம்பி மினி லாரி ஓட்டறவன். எங்க டெல்டா பக்கம் சம்பா அறுப்பு வந்துட்டா ராத்திரி பகல் கிடையாது, களத்துல இருந்து நெல்லு ஏத்தி மில்லுல இறக்கிட்டு திரும்ப ஓடணும். 2019 ஜனவரியில ஒரு நாள் ராத்திரி 9.30 மணி வாக்குல எங்க ஊர் டீக்கடை வாசல்ல ஒரு தகராறு, ஒருத்தருக்கு தலையில வெட்டு. முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல முதல் ஆள், எங்க சித்தப்பா பையன். ரெண்டாவது எதிரின்னு என் தம்பி பேரை சேர்த்தாங்க. மூணாவதா பக்கத்து தெரு பையன். வெட்டுப்பட்டவரு இருட்டுல முகம் தெரியல, மூணு பேரு இருந்தாங்கன்னு மட்டும்தான் சொன்னாரு. மூணு பேரையும் பேர் சொல்லி சொன்னது அவரோட மச்சானும், பின்னாடி கோர்ட்ல வந்து டீக்கடைக்காரரும். அந்த மச்சானுக்கும் எங்க குடும்பத்துக்கும் பல வருஷமா வரப்பு தகராறு இருக்கு, ஊருக்கே தெரியும்.

அந்த நேரத்துல என் தம்பி முப்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஒரு எடை மேடையில வண்டியை ஏத்தி நின்னுட்டு இருந்தான். அந்த சீட்டு என்கிட்ட இருக்கு. ரோஸ் கலர் பேப்பர், புள்ளி புள்ளியா அடிச்ச எழுத்து, வண்டி நம்பர், மொத்த எடை, வெறும் வண்டி எடை, நெல்லு எடை, கீழ தேதியும் 21:42ன்னு நேரமும். கீழ் ஓரத்துல அவன் விரல்ல இருந்த கிரீஸ் கறை. அவனை போலீஸ் கூட்டிட்டு போன மறுநாள் வண்டி டேஷ்போர்டுல இருந்து நான்தான் எடுத்தேன், ரேஷன் கார்டு வெச்சிருக்கற பிளாஸ்டிக் கவர்லயே அதையும் வெச்சு அஞ்சு வருஷம் பத்திரமா தூக்கிட்டு திரிஞ்சேன்.

பெயில் எடுக்கவே இருந்த ஒரு ஜோடி தோடும் போச்சு, அதுக்கப்புறம் தனி வக்கீலுக்கு குடுக்க எங்ககிட்ட காசு இல்ல. கோர்ட்ல கேட்டப்ப சட்ட உதவியில வக்கீல் போட்டுத் தர்றோம்னு சொன்னாங்க. உண்மையாவே அன்னைக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு, அரசாங்கமே நமக்கு ஒரு ஆளை குடுக்குதேன்னு.

விசாரணை ஆரம்பிக்கற வரைக்கும் அவரு என் தம்பிகிட்ட உக்காந்து பேசினது மொத்தமா ரெண்டு தடவை, ரெண்டும் கோர்ட் வராண்டாவுல, அடுத்த கேஸ் கூப்பிடறாங்களான்னு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டே. எடை சீட்டை காட்டினேன். கையில வாங்கி ஒரு பார்வை பாத்துட்டு "பத்திரமா வெச்சுக்கங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்"னு திருப்பிக் குடுத்துட்டாரு. எடை மேடையில ராத்திரி டியூட்டி பாத்தவரு சாட்சி சொல்ல தயாரா இருக்காருன்னும் சொன்னேன், சரி சரின்னாரு.

2022 ஆகஸ்ட்ல முக்கியமான சாட்சிகளை விசாரிச்ச அன்னைக்கு அவரு வரவே இல்ல. வேற கோர்ட்ல இருக்காருன்னு ஒரு ஜூனியர் பையன் வந்தாரு, வக்கீலா பதிவு பண்ணி சன்னது வாங்கி ரெண்டு வருஷம் கூட ஆகலன்னு அவரே பின்னாடி சொன்னாரு. மச்சானை முதல் விசாரணை பண்ணி முடிச்சதும் ஜட்ஜ் ஐயா ரெண்டாவது எதிரி தரப்புல குறுக்கு விசாரணை, அதாவது அந்த சாட்சியை மடக்கி கேள்வி கேக்கறது, உண்டான்னு கேட்டாரு. அந்த பையன் எழுந்து "இல்லைங்க ஐயா"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. டீக்கடைக்காரருக்கும் அதே. என் தம்பி பின்னாடி கூண்டுக்குள்ள நின்னுட்டு இருந்தான், வாயை திறக்கப் போனான், அந்த பையன் கையை கீழ தாழ்த்தி சும்மா இருன்னு காட்டினாரு. வெளிய வந்ததும் கேட்டா "இப்ப கேக்க வேண்டாங்க்கா, பின்னாடி ரீகால் மனு போட்டு கூப்பிட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க"ன்னாரு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு நாங்களும் நம்பிட்டோம்.

இப்ப நான் சொல்லப் போறதை தயவுசெஞ்சு நிறுத்தி நிதானமா படிங்க, என் புகார்ல 6வது பக்கத்துல இருந்துச்சு, உங்க பதில்ல இதை பத்தி ஒரு எழுத்து இல்ல.

டீக்கடைக்காரரு போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல முதல் எதிரி பேரு மட்டும்தான் இருக்கு. "இன்னும் ரெண்டு பேரு"ன்னு சொல்லியிருக்காரு, அவ்வளவுதான். கோர்ட்ல வந்துதான் என் தம்பி பேரும் மூணாவது பையன் பேரும் சேர்த்து சொன்னாரு. மூணாவது பையன் வீட்ல கடன் வாங்கி தனியா வக்கீல் வெச்சிருந்தாங்க. அவரு அன்னைக்கே எழுந்து போலீஸ்ல இந்த பேரை சொன்னீங்களான்னு கேட்டாரு, பதில் பதிவாச்சு, பிறகு இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்ல வந்தப்ப அவர்கிட்டயும் "இந்த சாட்சி உங்ககிட்ட அந்த பேரை சொல்லவில்லை"ன்னு வாங்கி பதிவு பண்ணாரு. அந்த மச்சானையும் அரை மணி நேரம் குடைஞ்சு எடுத்தாரு. 2024 பிப்ரவரியில தீர்ப்பு வந்தப்ப மூணாவது பையனுக்கு விடுதலை. என் தம்பிக்கு கொலை முயற்சின்னு 307வது பிரிவுல 7 வருஷம். அதே சாட்சி, போலீஸ்ல சொல்லாம விட்ட அதே விஷயம். தீர்ப்புல மூணாவது எதிரியை பொறுத்தவரைக்கும் சாட்சியம் முரண்பாடா இருக்குன்னு எழுதியிருக்கு, ரெண்டு பத்தி தள்ளி 2வது எதிரி தரப்பில் இச்சாட்சியம் மறுத்துக் கேட்கப்படவில்லைன்னு எழுதியிருக்கு. அந்த வரியை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

ரீகால் மனு போட்டாங்களான்னு கேப்பீங்க. போட்டாங்க, 14 மாசம் கழிச்சு. "தவிர்க்க முடியாத காரணங்களால்"னு ஒரே வரி காரணம், 311வது பிரிவுல போட்ட அந்த ரீகால் மனு தள்ளுபடி ஆயிடுச்சு. தள்ளுபடி ஆனதே எங்களுக்கு அடுத்த வாய்தாவுலதான் தெரியும், மேல போகலாமான்னு யாரும் கேக்கல.

அப்புறம் 313வது பிரிவுப்படி ஜட்ஜ் ஐயா எதிரிகிட்டயே நேரடியா கேள்வி கேக்கற நாள். சாட்சிங்க சொன்னதை ஒவ்வொண்ணா படிச்சு என்ன சொல்றீங்கன்னு கேக்கறது. என் தம்பி எல்லாத்துக்கும் பொய், பொய்னு மட்டும் சொன்னான், அப்படித்தான் சொல்ல சொல்லியிருந்தாங்க. நான் அந்த நேரத்துல வேற இடத்துல இருந்தேன்னு சொல்லவே இல்ல. கடைசியா உங்க தரப்புல சாட்சி உண்டான்னு ஜட்ஜ் ஐயா கேட்டப்ப அவன் திரும்பி என்னை பாத்தான். நான் பின் பெஞ்சுல இருந்தேன், ரோஸ் சீட்டு என் பையில இருந்துச்சு. அவன் திரும்பறதுக்குள்ள "எதிரி தரப்பு சாட்சி இல்லை"ன்னு வக்கீல் சொல்லிட்டாரு. நான் எழுந்திரிச்சேன், டவாலி உக்கார சொன்னாரு, உக்காந்துட்டேன். அன்னைக்கு நான் உக்காந்திருக்கக் கூடாது.

வக்கீல் கெட்டவர்னு நான் சொல்லல. அவருக்கு இந்த கேஸ்ல நீங்க குடுக்கற ஃபீஸ் எவ்வளவு கம்மி, ஒரு நாள்ல எத்தனை கோர்ட் ஓடறாருன்னு நான் கண்ணால பாத்திருக்கேன். இன்னொண்ணும் ஒத்துக்கறேன். இப்ப மதுரை ஹைகோர்ட் கிளையில எங்க அப்பீலை நடத்தற வக்கீல் அம்மா எனக்கு சொல்லிக் குடுத்தாங்க, எல்லா சாட்சியையும் குறுக்கு விசாரணை பண்ணியே ஆகணும்னு இல்ல, சில சமயம் ஒரு தப்பான கேள்வி கேட்டு நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்குவோம், கேக்காம விடறதுதான் சரின்னு ஒரு நல்ல வக்கீல் முடிவு பண்ணலாம், அதுல ஹைகோர்ட் தலையிடாதுன்னு. எனக்கு அது புரியுது. வக்கீலுக்கு அந்த சுதந்திரம் வேணும். ஆனா இங்க நடந்தது முடிவே கிடையாது. கேக்க வேண்டாம்னு யோசிச்சு விட்டிருந்தா எதுக்கு 14 மாசம் கழிச்சு கேக்கணும்னு மனு போடணும்? கேஸ் கட்டு படிக்காம வந்த ஒரு பையன் அந்த நேரத்துக்கு சொன்ன ஒரு "இல்லைங்க ஐயா"வைத்தான் நீங்க தொழில்முறை அறிவுன்னு எழுதியிருக்கீங்க.

அப்பீல்ல இதை சொல்லி ஜெயிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும். 2015ல டெல்லி டாக்ஸி பாலியல் வன்கொடுமை வழக்குல, பழைய வக்கீல் சரியா கேக்கல, 13 சாட்சிகளை திரும்ப கூப்பிடணும்னு புது வக்கீல் கேட்டாரு, ஹைகோர்ட் சரின்னுச்சு, சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. வக்கீல் மாறினதெல்லாம் ஒரு காரணம் ஆகாதுன்னு. அந்த வழக்குல பாதிக்கப்பட்ட பொண்ணை திரும்ப திரும்ப கூண்டுல ஏத்தக் கூடாதுங்கறது நியாயம்தான், ஒரு பொம்பளையா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா அந்த தீர்ப்பைத்தான் இப்ப எங்களுக்கு எதிரா எடுத்து வெக்கறாங்க. எடை சீட்டை புது ஆதாரமா எடுத்துக்க சொல்லி 391 மனு போட்டிருக்கோம். இதை கீழ் கோர்ட்லயே குடுத்திருக்கலாமே, ஏன் குடுக்கலன்னு கேள்வி வரும். வக்கீல்கிட்ட குடுத்தோம், அவரு தாக்கல் பண்ணலன்னு சொல்லணும். அதுக்கு என்ன ப்ரூஃப்னு அடுத்த கேள்வி வரும். வராண்டாவுல நின்னு காட்டின சீட்டுக்கு யாரு ரசீது குடுப்பாங்க?

காசு குடுத்து வெச்ச வக்கீலா இருந்தாலும் நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியாதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதுக்கு சொன்ன காரணத்துல ஒண்ணு, வக்கீல் எப்படி வேலை செய்யணும்ங்கறதுல கட்சிக்காரருக்கு நேரடியா நிறைய கட்டுப்பாடு இருக்குங்கறது. எங்க கட்டுப்பாடு எங்க இருந்துச்சு ஐயா? கூண்டுக்குள்ள இருந்து வாயை திறக்கப் போனவனுக்கு கை காட்டி நிறுத்தினதுதான் எங்களுக்கு இருந்த கட்டுப்பாடு. அமெரிக்காவுல 2018ல ஒரு கொலை வழக்கு வந்துச்சு, நான் பண்ணவே இல்லைன்னு அவன் கத்தறான், அவனோட வக்கீலே ஜூரிகிட்ட இவன்தான் பண்ணான்னு சொல்லி மரண தண்டனைல இருந்து காப்பாத்தப் பாத்தாரு, அங்க உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பிடுச்சு. எந்த கேள்வி கேக்கறதுங்கறது வக்கீல் வேலை, நான் குத்தவாளி இல்லைன்னு நிக்கறதா வேண்டாமாங்கறது அந்த மனுஷனோட முடிவுன்னு. என் தம்பி நான் அங்க இல்லவே இல்லைன்னு நிக்கத்தான் ஆசைப்பட்டான். அதை அவன் கோர்ட்ல ஒரு தடவை கூட சொல்ல முடியல.

நம்ம நாட்டு சட்டமும் ஒண்ணும் கம்மி கிடையாது, அதனாலதான் எனக்கு கோபம் அதிகமாகுது. நீங்க இயங்கற 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட முதல் வரியிலயே ஏழை எளியவங்களுக்கு இலவசமான, திறமையான சட்ட உதவின்னு இருக்கு. ரெண்டு வார்த்தை இருக்கு. இலவசம்ங்கறதை குடுத்துட்டு மத்ததை விட்டுட முடியாது. மத்திய பிரதேசத்துல அனோகிலால் வழக்குல 2013ல சட்ட உதவி வக்கீலை நியமிச்ச அன்னைக்கே குற்றச்சாட்டு பதிவு பண்ணி, ரெண்டு வாரத்துக்குள்ள விசாரணையை முடிச்சு மரண தண்டனை குடுத்தாங்க. 2019 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி திரும்ப விசாரிக்க சொல்லுச்சு. அப்பவே சொன்னாங்க, ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்குல பத்து வருஷ அனுபவமாவது உள்ள வக்கீலைத்தான் போடணும், தயாராக குறைஞ்சது ஏழு நாளாவது குடுக்கணும், குற்றம் சாட்டப்பட்டவரை பாத்து பேச வாய்ப்பு வேணும்னு. மறுவிசாரணையில 2024ல அவரு விடுதலை ஆனாரு, 11 வருஷம் உள்ள இருந்ததுக்கு அப்புறம். என் தம்பி வழக்கு 307, காயம் பட்டிருந்தா ஆயுள் வரைக்கும் போகலாம். அந்த வழக்குல கண்ணால பாத்த சாட்சிங்க வந்த அன்னைக்கு நின்னது ரெண்டு வருஷ பையன். இதையும் எழுதியிருந்தேன், இதுக்கும் பதில் இல்ல.

2024 டிசம்பர்ல உத்தர பிரதேச அசோக் வழக்குல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லுச்சு. சட்ட உதவி வக்கீல் பேருக்கு நின்னா பத்தாது, உருப்படியா நடத்தணும், அவங்க ஒழுங்கா கோர்ட்டுக்கு வர்றாங்களா, வேலையை செய்யறாங்களான்னு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் எல்லா மட்டத்துலயும் கண்காணிக்கணும்னு. கண்காணிப்பு குழு வேணும்னு உங்க 2010 விதிமுறையிலயே இருக்கு. எங்க வழக்கை அந்த குழு என்னைக்காவது பாத்துச்சா? பாத்திருந்தா மூணாவது எதிரிக்கு பக்கம் பக்கமா குறுக்கு விசாரணை இருக்கு, ரெண்டாவது எதிரிக்கு "இல்லை"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அது கண்ணுல படாமயா போயிருக்கும்?

போன மாசம் மனு போட்டு பாக்கப் போனப்ப என் தம்பி கேட்டது ஒண்ணுதான், "அக்கா, சீட்டு எழுத்து மங்கிடாம இருக்கா?" மங்கிட்டுத்தான் இருக்கு. நேரம் போட்ட இடத்துல 2 இப்பவே சரியா தெரியல. எடை மேடை கம்ப்யூட்டர்ல பழைய பதிவெல்லாம் அழிஞ்சிருச்சுன்னு அந்த ஓனர் சொல்றாரு. ராத்திரி டியூட்டி பாத்தவரு மட்டும் இன்னும் அங்கதான் இருக்காரு, அவருக்கும் அறுபது தாண்டியாச்சு.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான்.

என் புகாரை திரும்ப எடுங்க. அந்த வக்கீலை கூப்பிட்டு நாலு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க: ரெண்டு சாட்சிகளையும் ஏன் குறுக்கு விசாரணை பண்ணல, அன்னைக்கு ஏன் அவரு வரல, எடை சீட்டை பாத்தாரா இல்லையா, எதிரி தரப்பு சாட்சி இல்லைன்னு யாரை கேட்டு சொன்னாரு. அவருக்கு தண்டனை குடுங்கன்னு நான் கேக்கல. என்ன பதில் சொன்னாலும் அந்த பேப்பரோட நகல் எங்களுக்கு வேணும், அது இல்லாம எங்க 391 மனுவுக்கு காலே இல்ல. அவர்கிட்ட இருக்கற கேஸ் கட்டு முழுசையும், எங்ககிட்ட வாங்கின பேப்பர், அவரு எழுதின குறிப்பு எல்லாத்தோட, எங்க அப்பீல் வக்கீல்கிட்ட ஒப்படைக்க சொல்லுங்க. எட்டு மாசமா கேக்கறோம், குமாஸ்தா லீவு, குமாஸ்தா லீவுன்னே பதில் வருது.

இனிமே நீங்க வக்கீல் போட்டுக் குடுக்கற ஒவ்வொரு செஷன்ஸ் வழக்குலயும் சாட்சி விசாரணைக்கு முன்னாடி வக்கீலும் குற்றம் சாட்டப்பட்டவரும் உக்காந்து பேசி, தமிழ்ல ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்க ஏற்பாடு பண்ணுங்க. அவன் என்ன சொல்றான், எந்த பேப்பரை குடுத்தான், யாரை சாட்சியா கூப்பிட சொல்றான், வக்கீல் அதுல எதை வேண்டாம்னு விடறாரு, ஏன் விடறாரு, இதெல்லாம் அதுல இருக்கணும். வாங்கின ஆவணத்துக்கு ரசீது கட்டாயம் குடுக்கணும். நியமிச்ச வக்கீல் வர முடியாத நாள்ல கட்டு படிக்காத ஜூனியர் நிக்கக் கூடாது, வாய்தா கேக்கணும். கண்ணால பாத்த சாட்சிக்கு குறுக்கு விசாரணை இல்லைன்னு பதிவானா ஒரு வாரத்துக்குள்ள காரணத்தோட உங்க கண்காணிப்பு குழுவுக்கு தகவல் வரணும், அப்படி வந்தா ரீகால் மனுவை அந்த வாரமே போட முடியும், 14 மாசம் ஆகாது.

என் தம்பி மாதிரி உங்க வக்கீல் மூலமா தண்டனை வாங்கி உள்ள இருக்கறவங்க வழக்குல முக்கிய சாட்சிக்கு குறுக்கு விசாரணையே இல்லாம போனது எத்தனைன்னு எண்ணிப் பாத்து, அவங்களுக்கு அப்பீல்ல வேற வக்கீலை போட்டுக் குடுங்க. கீழ் கோர்ட்ல நின்ன அதே வக்கீல் தான் விட்ட தப்பை தானே எப்படி அப்பீல்ல எழுதுவாரு.

30 நாளைக்குள்ள பதில் வேணும். இந்த தடவை புகாரோட ஒவ்வொரு பக்கத்துக்கும் பதில் எழுதுங்க, 6வது பக்கத்துல இருந்தே ஆரம்பிங்க. எனக்கு ஒரு நகல் தபால்ல போடுங்க, இன்னொண்ணை ஜெயில் முகவரிக்கு என் தம்பி பேருக்கு அனுப்புங்க, அவனுக்கு தமிழ் நல்லா படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
2வது எதிரியோட அக்கா